மாத்திரை இருக்கும் வரை

“போர் போடற ரிக் வண்டியோட ஊருக்கு வந்துட்டம்டா காளிதாஸு. சரக்கு, கோழி வறுவல் எல்லாம் ரெடி, வா” என்று வாசலில் கூப்பிட்டான் நண்பன் சிவபிரகாஷ்.

உள்ளே காளிதாஸின் மனைவி தீபிகா கதவோரம் வந்து காதுகொடுத்தாள்.

“அரிப்புக்கும் படபடப்புக்கும் மாத்திரை போடறன்டா. போட்டாலே தூக்கம் வரும். அதுமேல குடிச்சா மூச்சே நின்னாலும் நின்னுருமாம்” என்றான் அவள் கணவன்.

சிவபிரகாஷ் போய்விட்டான்.

கணவன் குடியை விட்டதே அந்த மாத்திரைக்குப் பயந்துதான். “ஏனுங்க, மாத்திரையை நிறுத்திட்டா மறுபடியும் குடிப்பீங்களா?”

“அரிப்பும் படபடப்பும் போயிருச்சுன்னு டாக்டர் அதை நிறுத்தி ரெண்டு மாசமாச்சு புள்ள.”

“அப்பறம் அவங்கிட்ட சொன்னது?”

“கூப்புடறவனுக்கு ஏதாச்சும் சொல்லோணுமில்ல?”

தீபிகா முந்தானையை இழுத்துச் செருகினாள்.

“போய்க் கோழி வாங்கிட்டு வாங்க. வறுவல் நம்மூட்டுலயும் உண்டு.”