ஆடுகிற கட்டில்

“கட்டில் ஆடுது சார், கொஞ்சம் மேல வந்து பாருங்க.”

“நேத்து ஜன்னல் கொக்கி, முந்தாநாள் பீரோ கதவு, இன்னிக்குக் கட்டிலா? எதுக்கும்மா உயிரை எடுக்கறே?” சனத்நகர் ஒர்க்‌ஷாப்பிலிருந்து அப்போதுதான் வந்திருந்த வீட்டுக்காரர் நாராயணசாமி, பெல்ட்டை எறிந்துவிட்டு மாடியேறினார். அவர் மனைவி அம்மணி உதட்டில் ரத்தம் வழியத் தரையில் கிடந்தாள். வாசலில் நின்று கூப்பிட்ட மாடிக் குடித்தனக்காரி டோரிஸ் அதைப் பார்த்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை.

கட்டிலுக்கடியில் கழற்றிய போல்ட்டும் ஸ்பேனரும் கிடந்தன. அம்மணி அடிபடும்போதெல்லாம் எதையாவது கழற்றிவிட்டுத்தான் டோரிஸ் அவரைக் கூப்பிடுவாள். ஸ்பேனரை ஒளித்தும் வைப்பாள். இன்று கேட்ட அலறலில் அது மறந்துபோயிற்று.

“ஓஹோ, நீயே கழட்டினதா? நாளைக்கே வீட்டைக் காலி பண்ணு!”

மறுநாள் டோரிஸ் சாமான்களை ரிக்‌ஷாவில் ஏற்றும்போது, அம்மணி ஒரு துணிப்பையோடு வந்து நின்றாள்.

“அக்கா, என்னையும் ஏத்திக்கிறீங்களா?”