துணைக்கு வரும் அத்தை

பிரித்திகாவுக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தத் தோள்பையைத் தூக்கித் தெருவில் வீசியிருப்பாள். எதிரில் நின்று அதை அடைத்துக்கொண்டிருப்பது மாமியார் என்பதால் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"இது இன்னா அத்தை?"

"கம்பளி. ராத்திரி குளிரும்னு நீதான சொன்ன." பொன்னியம்மா அடுத்து பித்தளைச் சொம்பை உள்ளே தள்ளினாள். புளியோதரைத் தூக்குவாளியும் பின்னாலேயே வந்தது.

"இத்தனையும் யாரு சுமக்கறது?"

"கீழ குடுத்துட்டா மேல போயி வாங்கிக்கலாம் இல்ல? அலிபிரி அடிவாரத்துல அப்படித்தான செய்யறோம்."

அவர்கள் ஊரான நகரியில் பாதிப் பேருக்கு மலை என்றால் திருமலைதான். படி இருக்கும், வழியெல்லாம் தண்ணீர் இருக்கும், மூட்டையை வண்டியே மேலே கொண்டுபோய்ச் சேர்த்துவிடும்.

"நாகலாபுரம் காட்டுல படியும் இல்ல, வண்டியும் இல்ல. ஓடையில இறங்கி, பாறையில ஏறி, கூடாரத்துல படுக்கணும். உங்களால ஆவாது."

"வருசா வருசம் வெறுங்கால்ல மலை ஏறறவ நான்."

இவளிடம் என்னத்தைப் பேசுவது? திருப்பதியில் படித்த காலத்தில் பிரித்திகா ஏறாத மலை கிடையாது. கல்யாணம் ஆனதோடு எல்லாம் போயிற்று. இப்போதுதான் பழைய தோழிகளோடு ஒரே ஒரு ராத்திரி. அதற்கும் மாமியாரா? துணையாம், துணை. வேவு பார்க்கத்தானே வருகிறாள்? என்ன உடுத்தினாள், எப்படிச் சிரித்தாள் என்று வந்து மாமனாரிடம் ஒப்பிக்க வேண்டாமா?

கணவன் சுரேஷ்பாபுவிடம் சொல்லிப் பார்த்தாள். "அம்மா வந்தா வரட்டுமே" என்று அவன் ஸ்ரீசிட்டி கம்பெனிக்கு ஷிப்டுக்குக் கிளம்பிவிட்டான். அவனெல்லாம் ஒரு புருஷன்.

சிறுத்தை வரும் என்று மாமியாரைப் பயமுறுத்தினாள். பாம்பு வரும் என்றாள். பொன்னியம்மா "சரி, சரி" என்றபடி ஊறுகாய் பாட்டிலைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

அதற்குமேல் பொறுக்கவில்லை. பிரித்திகா நேராகத் தறிக் கொட்டகைக்குப் போனாள்.

"மாமா, அத்தைக்கு முட்டி வலி. தெனம் தைலம் தேச்சிக்கினு கெடக்கறாங்க. காட்டுல நடக்க முடியாது. நீங்களே சொல்லி நிறுத்துங்க."

மாமனார் முனிரத்தினம் தறியை நிறுத்தினார்.

"முட்டி வலியா? எங்கிட்ட சொல்லவே இல்லியே. அவ வரலன்னா நீயும் போவாத. ஊட்டுப் பொம்பள ராத்திரியில காட்டுல தங்கறதாவது? அவ கூடவே இருந்து பாத்துக்கறேன்னு சொன்னதாலதான் சரின்னேன்."

"மாமா, நாங்க அஞ்சு பேரு..."

"வத்தண்டே வத்து." கோபம் வந்தால் அவருக்குத் தெலுங்குதான். வேண்டாமென்றால் வேண்டாம், அதோடு பேச்சு முடிந்தது.

பிரித்திகாவுக்கு அழுகை முட்டியது. தன் வாயாலேயே கெடுத்துக்கொண்டாளே.

"யாருக்கு முட்டி வலி?"

பின்னால் பொன்னியம்மா. அந்தப் பை மொத்தமும் முதுகில் ஏறியிருந்தது. பதிலுக்குக்கூட நிற்காமல், கொட்டகையை ஒட்டிய மாடிப்படியில் மளமளவென்று ஏறினாள், இறங்கினாள், மறுபடியும் ஏறினாள்.

"போதுமா? இல்ல இன்னொருவாட்டி ஏறிக் காட்டணுமா?" என்று மேலிருந்து கேட்டாள்.

முனிரத்தினம் ஏதோ முணுமுணுத்துவிட்டு, "போய்த் தொலைங்க" என்று தறியை ஓட்டினார்.

பிழைத்தது பயணம். ஆனாலும் பிரித்திகாவுக்குக் கொதிப்பு அடங்கவில்லை. வேவு பார்க்க இத்தனை வீம்பா? இன்று கேட்டே விடுவது என்று மாடிக்குப் போனாள்.

தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் பொன்னியம்மா சுருண்டு உட்கார்ந்திருந்தாள். இரண்டு கையாலும் முட்டியை அமுக்கிக்கொண்டு, சத்தம் வெளியே வராமல் முந்தானையை வாயில் வைத்திருந்தாள். கண்ணெல்லாம் தண்ணீர்.

"இவ்ளோ வலியோட என்னை வேவு பாத்துத்தான் ஆவணுமா அத்தை?"

பொன்னியம்மா நிமிர்ந்தாள். அவளுக்கும் கோபம்தான்.

"வேவா? படி இல்லன்னு நீ சொன்னப்பவே, அடிவாரத்துல என் தங்கச்சி ஊட்டுல நின்னுக்கறதுன்னு முடிவு பண்ணிட்டேன். நீ மலைக்குப் போவணும்னுதான்டி இந்த வலியை அந்த மனுசன்கிட்ட மறைச்சிக்கினு கெடக்கறேன். நீ இன்னாடான்னா, நேரா போயி அவருகிட்டயே போட்டுக் குடுக்கற."