கடைசி இருநூற்று ஐம்பத்தாறு பைட்

"கடைசி இருநூத்தி அம்பத்தாறு பைட் காலியா இருக்கணும். இல்ல. ஏன்?" கையிலிருந்த தாளை மேஜையில் போட்டார் சார்.

எதிரே இரண்டு பேர். லிஃப்டுக்குள் மாடி எண் காட்டும் புரோகிராமை எழுதுகிறவன் ஒருவன். ஆபீஸில் அவனுக்குப் பெயர் நம்பர். லிஃப்ட் கதவைத் திறந்து மூடும் புரோகிராமை எழுதுகிறவள் ஒருத்தி. அவள் பெயர் கதவு.

இரண்டு புரோகிராமுக்கும் பொதுவாக ஒரு மெமரித் துண்டு உண்டு. லிஃப்ட் எந்த மாடியில் நிற்கிறது, கதவு திறந்திருக்கிறதா என்பதெல்லாம் அதில்தான். இரண்டு வீட்டிலிருந்தும் வாசல் வைத்த ஒரே அறை என்று வைத்துக்கொள்ளுங்களேன். இவன் வீட்டில் அந்த வாசலுக்கு ஒரு எண், அவள் வீட்டில் வேறு எண். உள்ளே போனால் அறை ஒன்றுதான். பிற்பாடு எதற்காவது உதவும் என்று அந்த அறையின் கடைசி மூலையை, அந்த இருநூற்று ஐம்பத்தாறு பைட் இடத்தை, சும்மா விட்டிருந்தார்கள்.

அந்த மூலையில்தான் இருவரும் ஆறு மாதமாகக் காதலித்துக்கொண்டிருந்தார்கள்.

வேறென்ன செய்வது? செல்போனை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுகிற ஆபீஸ் அது. ஒரு நாள் சோதனை மெஷினில் அந்த மூலையைத் திறந்து பார்த்த நம்பர், "சாப்பிட்டாச்சா?" என்று கதவு எழுதிய ஒரு வரி கிடப்பதைக் கண்டு நாற்காலியிலிருந்து விழாத குறை. ஒரு தமிழ் எழுத்துக்கே மூன்று பைட், ஆறு பைட் என்று போய்விடும். அதனால் கொஞ்சல் எல்லாம் ரொம்பச் சுருக்கம்.

ஊர் கண்ணுக்கு மட்டும் எலியும் பூனையும்.

"இவரோட புரோகிராம்தான் எதையாவது கொட்டியிருக்கும் சார்" என்றாள் கதவு.

"உங்க கதவு முதல்ல ஒழுங்கா மூடுதான்னு பாருங்க மேடம்" என்றான் நம்பர்.

"போதும்! நாலு நாள்ல லிஃப்ட் கம்பெனிக்குக் கொடுக்க வேண்டிய சரக்கு. அதுக்குள்ள சொந்தக் கதையை எழுதினது யாரா இருந்தாலும் நாளைலேருந்து வேலைக்கு வர வேண்டாம். அஞ்சு மணிக்குள்ள எனக்குத் தெரிஞ்சாகணும்" என்றார் சார்.

சீட்டுக்கு வந்ததும் நம்பர் மூலையைத் திறந்தான். அவள் வரி காலையிலிருந்தே அங்கே கிடந்தது: "ஞாயிறு அப்பாகிட்ட பேசறேன். பயமா இருக்கு."

அவளுக்கு அப்பா என்றால் கிலி. "என்ன வேலை பார்க்கிறார்?" என்று ஒருமுறை கேட்டதற்கு, "காலைல போவார், திட்டுவார், திரும்பி வருவார்" என்று மட்டும் பதில் வந்தது.

அந்த மெமரித் துண்டை யார் யார் தொட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்ற பட்டியலைப் பார்த்தான். இரண்டு பேர் இருக்க வேண்டிய இடத்தில் மூன்று பேர். மூன்றாவது சாரின் மெஷின். படிக்க மட்டும் அனுமதி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார் மனிதர். போச்சுடா, எல்லாவற்றையும் படித்திருக்கிறார்!

அவள் மாட்டக் கூடாது. எழுந்து நேரே சாரின் கண்ணாடி அறைக்குப் போனான்.

"நான்தான் சார். நான் மட்டும்தான்."

"கேள்வியும் நீயே, பதிலும் நீயேவா?"

"ஆமா சார். கொஞ்சம் தனிமை."

"'வெள்ளிக்கிழமை நீலச் சட்டை போட்டுட்டு வா'ன்னு உனக்கு நீயே எழுதிப்பியா?"

நம்பர் குனிந்து தன் நீலச் சட்டையைப் பார்த்தான். அன்று வெள்ளிக்கிழமை.

"மறந்துடுவேன் சார்."

"அந்தப் பொண்ணுக்கு இதுல பங்கே இல்ல?"

"சத்தியமா இல்ல சார். அவங்களுக்கு என்னைக் கண்டாலே ஆகாது."

"வேலை போயிடும், தெரியும்ல?"

"தெரியும் சார். வேற தேடிப்பேன். அவங்க வேலைக்கு மட்டும் ஒண்ணும் ஆகக் கூடாது."

சார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். "சரி, போய் உக்காரு" என்றார்.

மணி நாலே முக்கால். மேஜை டிராயரிலிருந்த பேனா, சீப்பு, பிஸ்கட் பொட்டலம் எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டு கடைசியாக ஒரு தடவை பட்டியலைப் பார்த்தான். மூன்றாவது ஆளின் அனுமதி மாறியிருந்தது. படிக்க மட்டும் இல்லை, இப்போது எழுதவும்.

அழிக்கப் போகிறார். ஆறு மாதத்துக் காதலை ஒரே தட்டில் துடைத்து எறியப் போகிறார்!

அவள் வரி மறைந்தது. அந்த இடத்தில் புதிதாக ஒரு வரி வந்தது: "ஞாயிறு அப்பா அம்மாவோட வீட்டுக்கு வாங்க. அப்புறம் இங்க எழுதக் கூடாது."

இதென்ன கூத்து? பள்ளிக்கூடத்தில் தப்புப் பண்ணினால் பெற்றவர்களைக் கூட்டிவரச் சொல்கிற மாதிரி! அதுவும், இவ்வளவு நேரம் 'நீ' என்றவர் திடீரென்று 'வாங்க' என்கிறாரே!

யார் பார்த்தால் என்ன என்று அவள் சீட்டுக்கே ஓடினான். அவளும் அந்த வரியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், வாயைப் பொத்திக்கொண்டு.

"எங்க அப்பா அம்மா எதுக்கு? சார் வீடு எங்க இருக்குன்னுகூட எனக்குத் தெரியாதே!" என்றான்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். வேலைக்குச் சேர்ந்த இரண்டு வருடத்தில் 'சார்' என்பதைத் தவிர வேறு எப்படியும் கூப்பிட்டிராத அந்தக் கண்ணாடி அறை மனிதரைப் பார்த்து, ஆபீஸே திரும்பும்படி கத்தினாள்:

"தேங்க்ஸ் அப்பா!"