ஒன்றரை கிலோ

கால்நடை மருத்துவர் ரேகுலாவின் கையைப் பிடித்துக்கொண்டாள் அன்னலீஸ்.

“கினிப்பன்றிக்கு நகம் வெட்ட வந்தப்போ நீங்க சொன்னதுதான் டாக்டர் உசிரைக் காப்பாத்துச்சு.”

மூன்று மாதத்துக்கு முன் சொன்னது ரேகுலாவுக்கு நினைவிருந்தது. கினிப்பன்றி தன் நோயை மறைக்கும். தீனியைத் தொடாமல் மூலையில் ஒடுங்கும். வாரம் தவறாமல் எடை பாருங்கள்.

“இப்ப சாப்பாடு எப்படி?”

“நல்லா இறங்குது. எடைகூட ஒன்றரை கிலோ ஏறிடுச்சு.”

“ஒன்றரை கிலோவா? அதோட மொத்த எடையே ஒரு கிலோதானேம்மா!”

அன்னலீஸ் சிரித்தாள். சிரிக்கும்போதே கண் நிறைந்தது.

“அதுக்கு ஒண்ணுமில்லை டாக்டர். நீங்க சொன்ன அடையாளமெல்லாம் எங்க வீட்டுக்காரர்கிட்ட இருந்துச்சு. தட்டைத் தள்ளிட்டு மூலையில போய் உட்கார்ந்துக்குவார். கேட்டா, ஒண்ணுமில்லைம்பார். பிடிச்சு நிறுத்தி எடை பார்த்தேன், எட்டு கிலோ குறைஞ்சிருந்துச்சு. வயித்துல கட்டி. இன்னும் ஒரு மாசம் விட்டிருந்தா கைமீறிப் போயிருக்கும்னு சொன்னாங்க. ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது.”



அப்போது கதவைத் திறந்துகொண்டு, கையில் வால்நட் கேக்குடன் அவள் கணவர் ஊலி உள்ளே வந்தார். அதை மேசைமேல் வைத்துவிட்டுத் தொப்பியைக் கழற்றினார். நன்றி சொல்லத்தான் வாயெடுத்தார், பிறகு கேக்கைப் பார்த்தார்.

“எனக்கும் ஒரு துண்டு வெட்டுங்க டாக்டர்,” என்றார் கடைசியில். “பசிக்குது.”