வாத்து விளம்பரம்

டி.வி. விளம்பரத்தில் ஒரு கார்ட்டூன் வாத்து துணி மூட்டையைத் தூக்கிக்கொண்டு சாய்ந்து சாய்ந்து நடந்தது. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

மெட்ராஸில் அந்த வாத்தை வரைந்து பேர் வாங்கியவன் பிரேம்நாத். அக்கா வீட்டுக்கு வந்திருந்தான்.

"எப்படி மாப்ள இப்படி நடக்க வெக்கிற?" என்றார் அவன் அக்கா புருஷன் விருத்தகிரி.

"நெசத்துல இருக்குறத பெருசாக்கணும் மாமா. லேசா சாஞ்சா, நாம அத வுழுற மாதிரி சாய வுடணும். அப்பதான் சிரிப்பு வரும்."

கட்டிலில் உட்கார்ந்திருந்த அக்கா சாவித்திரியும் சிரித்தாள். ஆனால் அவள் எழுந்திருக்கவே இல்லை. மகள்தான் தண்ணீர் கொடுத்தாள். விருத்தகிரியே சோறு போட்டார். கிளம்பும்போதும் அக்கா இருந்த இடத்திலிருந்தே தலையாட்டினாள். பிரேம்நாத்துக்குச் சுருக்கென்றது.

விருத்தாசலம் பஸ் ஸ்டாண்டில் கேட்டேவிட்டான். "அக்காவுக்கு ஒடம்பு சரியில்லையா மாமா?"

விருத்தகிரி தயங்கினார். "நல்லாத்தான் இருக்குறா. காலையிலகூட பீங்கான் கம்பெனி வேலைக்கு நடந்துதான் போயிட்டு வந்தா. போலியோ வந்த காலு இல்லியா மாப்ள... அந்த வாத்து நடக்குறது தன்னோட நடைன்னு பாத்த ஒடனே தெரிஞ்சிக்கிட்டா. ஊரு எதுருல நடக்குறா. உன் எதுருல மட்டும் மாட்டேங்குறா."

பஸ் வந்து நின்றது. ஏறிப் போக பிரேம்நாத்துக்கு மனம் வரவில்லை. திரும்பிப் போய் அக்காவைப் பார்க்க முகமும் இல்லை.