கதவோரப் பாடம்

“ஆக்டிவ் வாய்ஸ், பாஸிவ் வாய்ஸ்னு தொண்டை கிழியக் கத்தினீங்களே, அப்படின்னா என்னங்க?” என்று கல்யாணமான புதிதில் அவள் கேட்டாள். “அதைத் தெரிஞ்சுக்கிட்டு எந்தக் கோட்டையைப் பிடிக்கப்போற? போய் அடுப்பைப் பாரும்மா,” என்று சிரித்தார் கணவர். அவளும் சிரித்துவைத்தாள். பிறகு கேட்கவேயில்லை.

இப்போது முன்னறையில் மாலை வெயில் கரும்பலகை வரை நீண்டு கிடக்கிறது. டியூஷன் பிள்ளைகள் பெஞ்சுகளில் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கிறார்கள். இந்தப் பாடம் நடக்கும் நாளில் மட்டும் அவள் தையல் மெஷினை மிதிப்பதில்லை. சத்தமில்லாத பொத்தான் வேலையை எடுத்துக்கொண்டு உள்ளறைக் கதவோரம் உட்கார்ந்துவிடுகிறாள். “நாய் பூனையைத் துரத்துச்சு. இது ஆக்டிவ். பூனை நாயால துரத்தப்பட்டது. இப்ப பூனை என்ன செஞ்சுது?” என்கிறார் அவர். “ஓடிச்சு சார்!” என்கிறாள் வாயாடி ஒருத்தி. அறை கொல்லென்று சிரிக்கிறது. அவருக்குக் கோபம் வரவில்லை. “ஓடட்டும். ஆனா துரத்தினது அது இல்லையே, அதைத்தானே நாய் துரத்துச்சு? அதான் பாஸிவ். புரியலைன்னா எத்தனை தடவை வேணும்னாலும் கேளும்மா.” அவள் கையில் ஊசி அப்படியே நிற்கிறது. வீட்டுக்குள் வந்ததும் அந்தக் குரல் ‘டீ’ என்றும் ‘துண்டு’ என்றும் சுருங்கிப்போய்விடும்.

பிள்ளைகள் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு கலைகிறார்கள். அவர் துணியை எடுத்துக்கொண்டு பலகைப் பக்கம் திரும்புகிறார். மடியிலிருந்த சட்டை நழுவி விழ, அவள் எழுந்து வந்து முதல் பெஞ்சில் உட்காருகிறாள்.

“அழிக்காதீங்க. எனக்கும் சொல்லிக்குடுங்க… அவங்களுக்குச் சொல்ற மாதிரியே.”