நாற்காலியில் அம்மா

"கோவமா, வருத்தமா? எதுவா இருந்தாலும் வாய் விட்டுச் சொல்லு கண்ணு. நான் திட்ட மாட்டேன்."

சிறுமி பூவிழி பாவாடை நுனியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். நேற்று ஜமுனாமரத்தூர் சந்தை. சந்தைக்கு வந்த அம்மாக்கள் விடுதிக்கும் வந்து, தங்கள் பெண்களுக்குத் தலை பின்னிவிட்டுப் போனார்கள். அவர்கள் பஸ் ஏறியதுதான் தாமதம், பூவிழி ஒருத்தியின் பின்னலைப் பிடித்து இழுத்துக் கீழே தள்ளிவிட்டாள். அதற்குத்தான் இந்த விசாரணை.

விசாரணை என்று சொன்னால் கௌசருக்குப் பிடிக்காது. அவள் குழந்தைகளின் மனசு பார்க்கும் ஆலோசகர். வாணியம்பாடியிலிருந்து மலைப்பாதையில் வளைவுக்கு வளைவு குமட்டலை அடக்கிக்கொண்டு, இந்த விடுதிக்கு இன்றுதான் முதல் தடவையாக வந்திருக்கிறாள்.

"கோவம்தான்," என்று கடைசியில் முணுமுணுத்தாள் பூவிழி.

"சரி. அந்தக் கோவத்துக்கு அடியில இன்னா இருக்குது?"

குழந்தையின் உதடு கோணியது. "எனக்கு அம்மா வேணும். எல்லாரும் அவங்கவங்க அம்மா மடியில படுத்துக்கினு இருந்தாங்க. எனக்கு மட்டும் இல்ல."

கௌசர் வாசற்படியில் நின்றிருந்த வார்டன் ஈஸ்வரியிடம் போய்க் குரலைத் தாழ்த்தினாள்.

"அவங்கம்மா காப்பித் தோட்ட வேலைக்கு எங்கியாச்சும் போய்ட்டாங்களா டீச்சர்? சந்தையன்னிக்கிகூட வந்து பாக்கலியே?"

"அவங்களுக்கு வேலைங்க. முடியறதில்ல."

"இன்னா பெரிய வேல? பெத்த புள்ளைய ஒரு தடவ மடியில போட்டுக்க முடியாத வேல! அந்தம்மாவுக்குக் கல்லு மனசுங்க."

"ஆமாங்க," என்றாள் ஈஸ்வரி, தரையைப் பார்த்தபடி.

கௌசர் காலி நாற்காலி ஒன்றை இழுத்துப் போட்டாள். பயிற்சியில் கற்றுத் தந்த வித்தை அது. பெரிய பெரிய ஆட்களே அதன் முன்னால் ஓவென்று அழுததை அவள் பார்த்திருக்கிறாள்.

"இதுல அம்மா உக்காந்திருக்காங்கன்னு நெனச்சுக்கோ. அவங்ககிட்ட சொல்ல நெனச்சத எல்லாம் சொல்லு. போ கண்ணு."

பூவிழி எழுந்தாள். நாற்காலியை ஒரு பார்வை பார்த்தாள். அதைத் தாண்டி நேராக வாசற்படிக்குப் போய், வார்டனின் புடவையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"அங்க இல்லம்மா, நாற்காலிகிட்டப் பேசு," என்றாள் கௌசர்.

பூவிழி நிமிர்ந்து பார்த்தாள். "இங்க மத்த புள்ளைங்க யாரும் இல்லியே. இப்பவாச்சும் அம்மான்னு கூப்புடட்டுமா டீச்சர்?"

ஈஸ்வரி அப்படியே படியில் உட்கார்ந்து அவளை வாரி மடியில் போட்டுக்கொண்டாள். "இத்தினி புள்ளைங்க அம்மாவ வுட்டுட்டு ஏங்கிக் கெடக்குதுங்க மேடம். அதுங்க கண்ணு முன்னால, நான் பெத்தத மட்டும் எப்படிங்க கொஞ்சறது?"